ஏணி குறுகிய வருஷங்கள்

ஏணி என்று தெருவே கூப்பிட்ட பெயின்டர், மகனுக்குத் தட்டம்மை இறங்கிய வாரத்தில் குறுக ஆரம்பித்தார். அதற்கு முன்பு அவருடைய உயரத்துக்கு, சாதாரண வீட்டுக் கூரை என்றால் ஸ்டூல்கூடப் போடாமல் தரையில் நின்றபடியே பட்டி பார்த்து வெள்ளையடித்துவிடுவார். ஏணி தூக்கிக்கொண்டு வராத பெயின்டர் என்பதால் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். குறுகுவதை முதலில் காட்டிக்கொடுத்தது பிரஷ்தான். ஒரு நாள் காலையில் கையை முழுக்க நீட்டியும் பிரஷுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. இந்த வீட்டுக் கூரை கொஞ்சம் உசரம் போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கேயும் எட்டவில்லை.

காரணம் அவருக்குத் தெரியும். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது முதல் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். நர்ஸ் ஊசியை உறையிலிருந்து எடுத்ததும் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தை ஒரு வீறல் வீறிட்டுவிட்டு அடங்கிவிட்டது. நெடுமரம் மாதிரி சாய்ந்து கிடந்த அப்பாவுக்குத்தான் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. வரிசையில் இருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை, மறுநாளே அவர்கள் மறந்திருப்பார்கள். அவரால்தான் மறக்க முடியவில்லை. தட்டம்மை ஊசிக்கு நாள் வந்தபோது மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி மையத்தின் வாசல் வரை போனார். உள்ளே அதே நர்ஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அப்படியே திரும்பி, பூங்காவில் குழந்தைக்கு ஊஞ்சல் ஆட்டிவிட்டு, வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ரொம்ப அழுதானா?"

"லேசா."

தடுப்பூசி அட்டை எங்கே என்றதற்கு, பெயின்ட் டப்பாவில் விழுந்து பாழாகிவிட்டது என்றார். அடுத்த வாரம் யாருக்கும் தெரியாமல் போய்ப் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை வந்தது. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. இரண்டாவது தவணையையும் அதே மாதிரி வாயாலேயே போட்டு முடித்தார்.

மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தடித்து, கண் திறக்க முடியாமல் படுத்தான். அந்தத் தெருக் குழந்தைகளை எல்லாம் பார்க்கிற டாக்டரம்மா, ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டபோது மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒண்ணு விடாமப் போட்டிருக்கோம் டாக்டர். இவரே வேலையை விட்டுட்டுக் கூட்டிட்டுப் போனாரு." அபூர்வமாகச் சிலருக்குப் போட்டும் வருவதுண்டு என்றார் டாக்டரம்மா. ஏணி கைகழுவும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் எழுந்துவிட்டான். ஆனால் அதற்குள் மாடி வீட்டுத் தையல்காரியின் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அது தவழ்கிற குழந்தை. தட்டம்மை ஊசி போடுகிற வயசே இன்னும் ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் ஏணிதான். உயிர் தப்பியது. இரண்டு காதிலும் சீழ் வைத்து, கேட்கும் சக்தியில் பெரும்பகுதி போய்விட்டது.

தையல்காரி அவருக்கு நன்றி சொன்னாள். அதுதான் அவரைக் குறுக்கியது. மாடிப்படியில் எதிரே வரும்போதெல்லாம், "அண்ணா, அன்னிக்கு நீங்க மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பிப்பாள். அவள் முடிக்கிறதற்குள் ஏணியின் சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கியிருக்கும். பேன்ட் தரையில் புரண்டபோது அவளே கேட்டு வாங்கி, கீழே வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவை வெட்டிக் கொடுக்கும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் இறங்கினார். அதனால் அவள் மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெயின்ட் வாடை எலும்பை அரித்துவிட்டது என்றார் மளிகைக்கடைக்காரர். குனிந்து குனிந்து வேலை செய்தால் அப்படித்தான் என்றார் தபால்காரர். மனைவி தினமும் முட்டை அவித்துக் கொடுத்தாள். ஏணி என்ற பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அவர் கடைசியில் நிஜமாகவே ஓர் ஏணி வாங்கிக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷம் அதைவிடப் பெரியதாக இன்னொன்று.

மகனின் காது உயரத்துக்கு அவர் இறங்கி வந்தபோது மனைவி அவரை டாக்டரம்மாவிடம் விரட்டினாள். காலை நேரம் முழுக்கத் தடுப்பூசிக் குழந்தைகளால் நிறைந்து கிடக்கும் அந்த அறையில் அன்றைக்கு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டாக்டரம்மா அவரைக் குழந்தைகளுக்கு உயரம் பார்க்கும் சுவரில் நிறுத்தினார். வேறு அளவுகோல் சரிப்படவில்லை. "கூட்டமே இல்லையே டாக்டர்" என்று ஏதோ பேச வேண்டுமே என்று பேசினார் ஏணி.

"யாரும் வர்றதில்ல. உங்க பையனைத்தான் சொல்றாங்க. ஊசி போட்ட புள்ளைக்கே வந்துச்சே, அப்புறம் எதுக்குக் குழந்தையை அழ வைக்கணும்னு. உங்க மாடி வீட்டுக்காரங்க அந்தக் குழந்தைக்கு மிச்சம் இருக்கிற ஊசி எதுவுமே போடல. நாலு பேர்கிட்டயும் வேண்டாம்னு சொல்லிட்டு வர்றாங்க."

சுவரை ஒட்டி நின்ற இடத்திலேயே அவருடைய தலை மளமளவென்று கீழே இறங்கியதை டாக்டரம்மா கண்ணால் பார்த்தார். காய்ச்சலில் வெப்பமானி ஏறுவதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"போடல டாக்டர்" என்றார் ஏணி.

"எது?"

"தட்டம்மை ஊசி. என் பையனுக்குப் போடவே இல்ல. ரெண்டு தவணையும். போட்டேன்னு சொன்னேன்."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "இதை நான் போய்ச் சொன்னா, டாக்டர் தொழிலுக்காகச் சமாளிக்கிறாங்கன்னுதான் நினைப்பாங்க" என்றார். மருந்து எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் அவித்த முட்டையை அவர் தட்டிலிருந்து எடுத்து மகன் தட்டில் வைத்தாள். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மாடிப்படியை ஒவ்வொன்றாகக் கை ஊன்றி ஏறினார். தையல்காரி மிஷினில் இருந்தாள். அவளுடைய குழந்தை ஓடுகிற மிஷினின் பலகையில் கன்னத்தை வைத்து, சத்தத்தைத் தோலால் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் நிலைப்படியில் நின்றே சொல்லி முடித்தார். மிஷின் நின்றது.

"இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளும் என்கிட்டப் பேன்ட்டைக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அவள் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவருக்கு மேலாக எட்டிக் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவர் வீடு வீடாகப் போனார். அழைப்பு மணிகள் எட்டாததால் கதவின் அடிப்பாகத்தில் தட்டினார். திறந்தவர்கள் யாரையும் காணாமல் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்கள். ஊசி போட்டு வந்ததல்ல, போடாமல் வந்தது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். ஒருத்தி முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். ஒருவர், இதைச் சொல்லவா மெனக்கெட்டு வந்தாய் என்று சிரித்தார். பாதிப் பேர் மகனுக்கு ஊசி போட்டதைப் பற்றித் தாங்கள் எப்போதுமே சந்தேகப்பட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் டாக்டரம்மாவின் அறையில் உட்கார இடமில்லாமல் தாய்மார்கள் வாசல் வரை நின்றார்கள். வரிசையின் முதலில் தையல்காரி குழந்தையோடு நின்றாள். கடைசியில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏணி நின்றார். விட்டுப்போன ஊசிகளை மகன் போட்டுக்கொண்டபோது அவர் மயங்கவில்லை. எந்தக் குழந்தையைத் தேற்றுவது என்று குழம்பிய புது நர்ஸ் இருவருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

குறுகுவது அத்தோடு நின்றது. திரும்ப வளரவில்லை. வளர வேண்டும் என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சுவரின் கீழ்ப்பாதியை அவரும் மேல்பாதியைக் கூட வந்த இன்னொரு பெயின்டரும் அடித்தார்கள். இரண்டும் சேருகிற கோடு தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். மனைவி வெகுநாள் கழித்து மறுபடி முட்டை அவித்தாள். தையல்காரி அவரோடு பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவருடைய பேன்ட்டை அவரே வெட்டித் தைத்துக்கொள்ளக் கற்றார், ஒரு கால் எப்போதும் மற்றதைவிட நீளமாக இருக்கும்.

மாடி வீட்டுப் பெண் உதடு அசைவதைப் பார்த்துப் பேச்சைப் படிக்கப் பழகினாள். பெரியவர்கள் நின்றபடி பேசினால் அவளுக்குத் தாடைதான் தெரியும். குனிந்தால் முகத்தில் நிழல் விழுந்துவிடும். அந்தக் கட்டடத்தில் நின்ற நிலையில் அவள் கண்ணுக்கு நேராக வாய் இருந்தவர் ஏணி ஒருவர்தான். அதனால் வேலை முடிந்து வந்ததும் வெளிச்சம் உள்ள படியாகப் பார்த்து அவளோடு உட்கார்ந்து, பால், படி, பிரஷ் என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். மேலே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் பேச்சு நீண்டு இருட்டத் தொடங்கினால், தையல்காரி கதவைத் திறந்து, எதுவும் சொல்லாமல், மாடிப்படி விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போவாள்.