மடியில் மாப்பிள்ளை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில், என் காதுக்கு ஏற்றபடி சட்டத்தை வளைத்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னது. சொல்லி முடித்ததும், "இதையெல்லாம் எழுதிடாதீங்க" என்றாள். எழுதுகிறவனிடம் சொல்கிற பேச்சா அது?

'காலை ரயிலில் ஒரு பூனை அழுத...' வேண்டாம். பூனையில் தொடங்கினால் எல்லாரும் பூனையைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணாடிக்காரிதான் முக்கியம்.

2

அவளுக்கு வீட்டுத் துணை ஒரு பூனை. வேளாவேளைக்குத் தின்றுவிட்டு, ஒரு துரும்பையும் நகர்த்தாமல் கால் நீட்டிப் படுப்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். சிறுநீரகம் பழுதாகி, தினமும் காலையில் ஊசி போடவேண்டியிருந்தது. கால்நடை மருத்துவமனை அவள் கடைக்குப் பக்கம். கூடையில் வைத்து, நெரிசல் ரயிலில் கொண்டுபோனாள்.

மாப்பிள்ளை போட்ட கூச்சலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்த நர்ஸ், "என்கிட்ட குடுங்கக்கா" என்று பூனையைக் கூடையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கூச்சல் நின்றது. நின்றதோடு விட்டதா? கண்ணை மூடிக்கொண்டு குர்குர் என்று...

[குட்டியிலிருந்து பாலூற்றி வளர்த்தவளிடம் அது ஒருநாளும் அப்படிக் கொஞ்சியதில்லை. இதை அவள் சொல்லவில்லை. சட்டத்தை வளைத்த வேகத்தில் நானே புரிந்துகொண்டேன்.]

மறுநாளும் அதே மடி. அதற்கடுத்த நாள், நர்ஸ் ஏறும் நிலையம் நெருங்கும்போதே மாப்பிள்ளை காதை நிமிர்த்தியது. கண்ணாடிக்காரிக்கு வயிறு எரிந்தது.

"என்ன சோப்பு போடுறீங்க?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள். மாலையிலேயே அதை வாங்கிக் குளித்தாள். மாப்பிள்ளை அவள் கையை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

3

(நர்ஸைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். 'அவள் பார்வையில் ஒரு கள்ளம்...' அடித்துவிட்டேன். அவள் நல்லவளாக இருந்ததைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.)

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். "மூடின கூடைக்குள்ளதான் வெக்கணும்னு தெரியாதா? யாரோட பூனை? தூக்கிட்டு அடுத்த ஸ்டேஷன்ல எறங்குங்க."

"என்னோடது சார்" என்றாள் நர்ஸ், கண்ணாடிக்காரிக்குக் கண்ணைக் காட்டியபடி. அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிவிடுமே என்று சொன்ன பொய். அடுத்த ரயிலில் பூனையைக் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தும் இருப்பாள்.

கண்ணாடிக்காரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுந்து கத்தினாள்: "பொய் சார்! அது என் பூனை! என்னோடது!"

மடியிலிருந்து பிடுங்கினாள். மாப்பிள்ளை நர்ஸின் சீருடையில் நகத்தை மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

பரிசோதகர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பூனை வேற மாதிரி சொல்லுதேம்மா."

4

கண்ணாடிக்காரி பூனையோடு இறங்கினாள். கூடைக்குள் ஒரே ஓலம். திரும்பினால், நர்ஸும் நடைமேடையில் நிற்கிறாள்.

"நீங்க எதுக்கு எறங்குனீங்க?"

"அழுவுதேக்கா."

கண்ணாடிக்காரி கூடையை நீட்டினாள் என்று ஒரு முடிவு எழுதினேன். பொறாமை அத்தனை சீக்கிரம் ஆறுமா? கிழித்தேன். 'போய் உங்க வேலையப் பாருங்க' என்று விரட்டினாள் என்று இன்னொன்று. அந்த ஓலத்தைக் கேட்டுக்கொண்டு எப்படி விரட்டுவாள்? அதுவும் போயிற்று.

அவளிடமே கேட்டேன். "அன்னிக்கும் ஊசி போட்டாச்சு" என்றாள். யார் மடியில் போனது என்று சொல்லவில்லை.

பெஞ்சில் இருவர். நடுவே கூடை. அடுத்த ரயில் வந்து நிற்கிறது. நீங்கள் உயிரைக் கொடுத்து வளர்த்த ஒன்று, வேறொருவர் மடியில் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கூடையை நான் தூக்கப்போவதில்லை. நீங்கள் தூக்கி, யார் கையில் கொடுப்பீர்களோ கொடுங்கள்.