லிஃப்டில் ஒட்டிய 'நான் யார்?'

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கவிதை வந்துவிட்டது. ஜலதோஷம் மாதிரிதான், அவருக்கு வந்தால் ஒன்பது மாடியும் தும்ம வேண்டும். "நான் யார்? நான் சிகரம்! நான் சமுத்திரம்!" என்று பெரிய தாளில் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டினார். பாராட்டுகள் குவியுமே என்று முக்கால் தாளைக் காலியாக விட்டு, 'கருத்தை எழுதவும்' என்று போட்டு, ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். துணைச் செயலாளரான நான் தலையாட்டினேன். அதுதான் என் பதவி.

மூன்றாம் நாள் கீழே ஒரு வரி: "நான் ஆறாம் மாடிக்கு வேலைக்காரி. என் மகளுக்கு மட்டும் நான் மழை."

செயலாளர் குதித்தார். "ஆறாவது மாடில வேலை செய்யறவ ஒருத்திதானே? திங்கக்கிழமைலேர்ந்து அவ கேட்டுக்குள்ள வரக்கூடாது!"

"கருத்து எழுதச் சொன்னது நீங்கதானே சார்?"

"கருத்துன்னா பாராட்டுய்யா!"

திங்கட்கிழமை காலை, தம் கவிதைக்குச் சேதமில்லாமல் அந்த வரியை மட்டும் அழிக்க, பெரிய ரப்பரோடு வந்தார். நானும் கூட ஏறினேன். தாளில் இடமே இல்லை.

"நான் நாலாம் மாடி டாக்டர். 'ஒன்றும் பயமில்லை' என்று தினம் நாற்பது பேருக்குச் சொல்கிறேன். எனக்கு யார் சொல்வார்?"

அடியில் கோணல் எழுத்து: "நான் சொல்றேன் சார். ஒண்ணும் பயமில்ல. வாட்ச்மேன்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பத்து வருடமாக இவர்களோடு ஏறி இறங்குகிறேன். பார்த்ததெல்லாம் மாடி எண்களைத்தான். இறங்க மறந்து படித்துக்கொண்டே போனோம். லிஃப்ட் மேலே போய்க் கீழே வந்தது.

ஓரத்தில் முத்து முத்தாக ஒரு வரி: "சிகரத்துக்கு முப்பது வருஷமாகச் சோறு போடுகிறவள் நான். சிகரம் ஒருநாளும் என்னைச் 'சாப்பிட்டாயா' என்று கேட்டதில்லை."

செயலாளரின் கையிலிருந்த ரப்பர் நின்றுவிட்டது. வீட்டுக் கையெழுத்து தெரியாதா என்ன?

தரைத்தளத்தில் கதவு திறந்தது. கேட்டில் வாட்ச்மேன் தடுக்கவில்லை போலிருக்கிறது; ஆறாம் மாடி வேலைக்காரி வாளியோடு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள்.

"வாங்கம்மா" என்றார். அந்த வாயிலிருந்து அப்படியொரு 'வாங்க'வை நான் கேட்டதே இல்லை. ஆறாம் எண்ணை அவரே அமுக்கினார்.

ஐந்தில் அவர் மனைவி ஏறினார். ரப்பரைப் பார்த்தார். "அழிச்சாச்சா?"

"இல்ல... இடம் பத்தல. இன்னொரு தாள் ஒட்டணும்."

"ஒட்டுங்க. அதுல உங்க கவிதை வேணாம்."

"சரி" என்றார் செயலாளர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆறு வந்தது. கதவு திறந்து, காத்திருந்து, தானே மூடிக்கொண்டது. நால்வரும் படித்துக்கொண்டிருந்தோம்; யாரும் இறங்கவில்லை.