சுடாமல் போன விமானம்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். தாள் கட்டை மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, கத்திக்கு அடியில் தள்ளி, கையை இழுத்துக்கொண்டு மிதியை அழுத்த வேண்டும். வருடக்கணக்கில் செய்த வேலை. ஒரு மழை நாளில் கை வெளியே வருவதற்குள் கத்தி இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மற்ற இரண்டும் இருக்கின்றன என்று பெயர், மடங்காது. கட்டைவிரல் மட்டும் தப்பித்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கி, கையைப் பார்த்து முடித்தார்கள். 'பாவம்' என்ற சொல்லை அந்த ஒரு மாதத்தில் கேட்டதுபோல் அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. கடைசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

அவளுடைய தங்கை, கடைவீதிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த வீடியோ விளையாட்டுக் கூடத்தில் டோக்கன் விற்பவள். வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

"தனியா உக்காந்து சுவத்தையே பாத்துட்டு இருக்கறதுக்கு, என்கூட வந்து அங்க உக்காருக்கா. அங்க சுவராவது கலர் கலரா இருக்கும்" என்றாள் தங்கை.

அப்படித்தான் அவள் அங்கே போனாள். துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே மூலையில் ஒரு பழைய இயந்திரம். விளையாட வருகிற பலருடைய வயதைவிட அதன் வயது அதிகம். உயரமான திரை, அதன் அடியில் ஒரு சின்ன விமானம். அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். ஆனால் பயணத்தை நிறுத்த முடியாது. கடல், காடு, பாலம், தொழிற்சாலை என்று நிலம் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே இருக்கும். மேலே இருந்து எதிரி விமானங்கள் கூட்டம் கூட்டமாக இறங்கித் தோட்டாக்களைத் துப்பும்.

இடது கைக்கு ஒரு குச்சி, வலது கைக்கு இரண்டு பட்டன். சிவப்பு பட்டன் சுடுவதற்கு. அழுத்திப் பிடித்தால் ஒன்றும் நடக்காது, ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான். நீல பட்டன் குண்டுக்கு. அது வெடித்தால் திரையில் இருக்கும் எதிரியின் தோட்டாக்கள் எல்லாம் துடைத்துப் போட்டது போல மறையும். ஆனால் கையிருப்பு மூன்றே மூன்று. சில எதிரிகளைச் சுட்டால் ஒரு மாத்திரை உதிரும். அதை எடுத்தால் துப்பாக்கி பலமாகும். ஒரு டோக்கனுக்கு மூன்று உயிர். ஒரு உயிர் போனால் அந்தப் பலம் எல்லாம் பறிபோய், வெறும் துப்பாக்கியோடு கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வரும். கூடத்தில் அதற்கு 'மாமனார்' என்று பெயர். எல்லாவற்றையும் தாண்டி வந்த பிறகு வழியை மறித்துக்கொண்டு நிற்பதால் அப்படி.

அந்த இயந்திரத்துக்கு ராஜா ஒரு மோட்டார் மெக்கானிக். சிவப்பு பட்டனை அவன் தட்டுகிற வேகத்தைப் பார்த்துத் 'தந்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் விளையாடினால் மற்ற இயந்திரங்களில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

ஒரு மதியம் அவள் நாற்காலியை விட்டு எழுந்து அந்த இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அது ரெண்டு கை விளையாட்டு" என்றான் தந்தி. கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். "அந்தக் கார் ஓட்டுறதுல உக்காருங்களேன். ஒரு கையே போதும்."

"நான் உன்னைக் கேட்டேனா?"

அவன் அங்கிருந்து நகரவில்லை.

கட்டைவிரலால் சிவப்பு பட்டனைத் தட்டிப் பார்த்தாள். நாலு தட்டுக்குள் வலி முழங்கை வரை சுரீரென்று ஏறியது. விமானம் வெடித்தது. மறுபடி தட்டினாள், மறுபடி வெடித்தது. கடைசி உயிருக்கு வந்தபோது வலது கையைத் தூக்கி இயந்திரத்தின் விளிம்பில் ஓரமாக வைத்துவிட்டு, இடது கையால் குச்சியை மட்டும் பிடித்தாள். சுடவில்லை. நகர்ந்தாள், அவ்வளவுதான்.

விமானம் கடலில் பாதி தூரம் போன பிறகுதான் செத்தது.

மறுநாளிலிருந்து அவள் வேலை அதுவாகிவிட்டது. சுட முடியாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எதிரி சுடுகிற நொடியில் விமானம் எங்கே இருக்கிறதோ, தோட்டா அந்த இடத்துக்குத்தான் வரும். நாம் போகப்போகிற இடம் அதற்குத் தெரியாது. ஆகவே பதறி ஓட வேண்டியதில்லை. ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்தால் தோட்டாக்கள் எல்லாம் ஆட்டு மந்தை மாதிரி பின்னால் வரிசையாகப் போகும். ஓரம் தீர்ந்ததும் ஒரே வெட்டாக வெட்டி இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். ரொம்ப நெருங்கிப் போனால் சில எதிரிகள் சுடுவதே இல்லை. விமானத்தின் இறக்கையில் தோட்டா உரசினால் ஒன்றும் ஆகாது, நடு வயிற்றில் பட்டால்தான் சாவு. அதனால் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவில் இருக்கிற இடுக்கு, கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது.

முதன்முதலாக அவள் மாமனார் வரைக்கும் போனபோது பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

"சுடாம எப்படிக்கா தாண்டுவீங்க? அவர் நகரவே மாட்டாரு."

இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக இழுத்தடித்துக்கொண்டே இருந்தாள். மாமனார் வாரி வாரி இறைத்தார். திடீரென்று சுடுவதை நிறுத்தினார். அப்படியே மேலே ஏறித் திரையை விட்டுப் போய்விட்டார்.

"யோவ், சலிச்சுப் போயிட்டாருய்யா!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அக்கா பல் தெரியச் சிரித்ததைக் கவுண்டரில் இருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். அக்காவின் கையில் சுற்றியிருந்த துப்பட்டா நழுவித் தரையில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

தந்திக்கு மட்டும் சந்தேகம். "எனக்கு மழை மாதிரி கொட்டுது. உங்களுக்கு மட்டும் ஏன் சொட்டு சொட்டா வருது? முதலாளி ஏதோ திருகி வச்சிருக்காரு."

"நீ சுடச்சுட அதுக்குக் கோவம் ஏறுது. மாத்திரைய எடுத்தா இன்னும் ஏறுது. நான் ஒண்ணும் பண்றதில்ல, அதனால என்னைப் பெருசா எடுத்துக்கறதில்ல."

"அது மெஷின்கா. அதுக்கு ஏது கோவம்?"

"நீ ஒரு நாள் விரலை வாயில வச்சுக்கிட்டு ஆடிப் பாரு."

அவன் ஆடிப் பார்க்கவில்லை. சுடாமல் இருப்பது அவனுக்கு முடியாத காரியம்.

கூடத்தில் போட்டி அறிவித்தார்கள். அந்தப் பழைய இயந்திரத்தில்தான் போட்டி. ஆளுக்கு ஒரே டோக்கன், அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை. அவள் பெயர் கொடுத்ததும் முதலாளி கவுண்டருக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பவர், எதையும் அழகாக வைத்திருக்க ஆசைப்படுபவர்.

"தாராளமா ஆடும்மா. வேணாங்கல. ஆனா அன்னிக்குக் குடும்பம் குடும்பமா வருவாங்க. கையில ஒரு துணியச் சுத்திக்கிட்டு வந்தேன்னா நல்லா இருக்கும். பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குல்ல."

"யாருக்கு ஒரு மாதிரி இருக்கோ, அவங்க கண்ணுல சுத்திக்கட்டும் சார்."

முதலாளியின் முகம் சிவந்தது. அவளை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த டோக்கன்களைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரு நாளைக்குத்தானே சொல்றாருக்கா. என் வேலையையும் கொஞ்சம் நினைச்சுப் பாரேன்."

"நினைச்சேன். இன்னைக்குத் துணி சுத்துன்னு சொல்றாரு. அடுத்து, பின்னாடி போய் உக்காருன்னுவாரு. அப்புறம் வீட்டுலயே இருன்னுவாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாளைக்குத்தானேன்னு நீ சொல்லிட்டு இருப்பியா?"

தங்கை தட்டில் இருந்த சோற்றை முடிக்காமல் எழுந்து போனாள். அக்காவுக்கு அது வலித்தது, ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறத் தோன்றவில்லை. போட்டியன்று காலை குளித்துவிட்டு வந்தபோது, கட்டிலின் மேல் அவளுடைய மஞ்சள் நிற அரைக்கை சட்டை இஸ்திரி போட்டு வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் துப்பட்டா இல்லை.

தந்தி முதலில் ஆடினான். பிரமாதமாக ஆடினான். புள்ளிகள் எகிறின, துப்பாக்கி விசிறி மாதிரி விரிந்து சுட்டது. ஆனால் கடைசிக்கு முந்தின கட்டத்தில், இயந்திரத்தின் கோபம் உச்சியில் இருந்தபோது, ஒரு தோட்டா அவன் வயிற்றில் பட்டது. சேர்த்த பலமெல்லாம் போய் ஒற்றைத் துப்பாக்கியோடு திரும்பி வந்தான். எதிரிகளின் கோபமோ குறையவில்லை. அடுத்தடுத்து இருந்த உயிர்களும் அதே இடத்தில் போயின. இருந்தாலும் அவன் புள்ளியை யாரும் நெருங்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கை தட்டினார்கள்.

மற்றவர்கள் ஆடி முடித்த பிறகு அவள் உட்கார்ந்தாள். வலது கையை எல்லாரும் பார்க்கும்படி விளிம்பில் வைத்தாள். முன் வரிசையில் ஒரு பெண்மணி 'ஐயோ' என்றது காதில் விழுந்தது. டோக்கனைப் போட்டாள்.

கடல் போனது, காடு போனது, பாலம் போனது. மாமனார்கள் ஒவ்வொருவராக வந்து, இறைத்து, சலித்து, ஏறிப் போனார்கள். புள்ளி ஏறவே இல்லை. புரியாதவர்கள் கொட்டாவி விட்டார்கள். தொழிற்சாலையில் இரண்டு உயிர் போயிற்று. தந்தி செத்த கட்டத்தை அவள் கடைசி உயிரோடு தாண்டியபோது கொட்டாவிகள் நின்றன. மேகத்துக்கு மேலே கடைசி மாமனார் வந்தார். திரையில் பாதி அவரே.

தந்தி அவள் தோளருகே குனிந்தான். "அக்கா, நான் ஒரு தடவை இவரைப் பாத்திருக்கேன். சுட்டுத்தான் முடிச்சேன். இவர் போவாரான்னு தெரியல. போக மாட்டாருன்னுதான் நினைக்கிறேன்."

"அவர் போகலேன்னா நானும் போகல."

தோட்டாக்கள் வட்டம் வட்டமாக விரிந்தன. ஓரம் வரை இழுத்தாள், வெட்டினாள், மறுபடி இழுத்தாள். இடுக்குகள் சுருங்கின. ஒரு கட்டத்தில் இடுக்கே இல்லை. வலது கையைத் தூக்கி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நீல பட்டனில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். திரை வெளுத்தது, தோட்டாக்கள் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் இன்னொரு அடி. பிறகு மூன்றாவது. கை விண்விண் என்று தெறித்தது. குண்டு தீர்ந்தது. மாமனார் தீரவில்லை.

இனி குச்சி மட்டும்தான். அவள் மூச்சு விட்டாளா என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இறக்கைகளை உரசிக்கொண்டு தோட்டாக்கள் போயின. நடு வயிற்றை மட்டும் காப்பாற்றினாள்.

மாமனார் சுடுவதை நிறுத்தினார். கொஞ்சம் தயங்குவது போல் ஆடினார். பிறகு தன்பாட்டுக்கு மேலே ஏறிப் போனார்.

திரையில் விடியல். சின்ன விமானம் ஓடுபாதையில் இறங்கி நின்றது. அவள் ஓட்டி முதல்முறையாக நின்றது. கூடம் அதிர்ந்தது. தங்கை கவுண்டரைத் திறந்து போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

முதலாளி மைக்கில் புள்ளிகளை வாசித்தார். தந்திக்குக் கோப்பை. பட்டியலின் அடியில் அவள். "கடைசி இடம், நம்ம டோக்கன் கவுண்டர் பொண்ணோட அக்கா. பரவால்ல, இந்த நிலைமையிலயும் கலந்துக்கிட்டாங்களே, பாவம். பெருசா கை தட்டுங்க."

அவர் நின்றிருந்த மேடைக்கு அவள் ஏறிப் போனாள். "மைக்கைக் குடுங்க சார்."

கட்டைவிரலுக்கும் மடங்காத விரல்களுக்கும் நடுவே வலது கையால் வாங்கிப் பிடித்தாள்.

"எனக்கு மேல இருக்கற அத்தனை பேரும் செத்துட்டாங்க. உயிரோட வீடு போய்ச் சேந்தது நான் ஒருத்திதான். கடைசின்னு சொல்லுங்க, அது கணக்கு, ஒத்துக்கறேன். பாவம்னு சொல்லாதீங்க."

முதலில் சிரித்தது தந்திதான். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஆமா, நான் செத்த ராஜா!" என்றான். கோப்பையை அவளிடம் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள்.

தங்கையின் வேலை போகவில்லை. ஆனால் மறுநாள் முதலாளி அந்த இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து உள்ளே எதையோ மாற்றினார். ஒருத்தியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் எப்போது ஆடுவது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டார். அன்று அவள் டோக்கன் போட்டதும் எடுத்த எடுப்பிலேயே தோட்டாக்கள் இரட்டை வேகத்தில் வந்தன. கடலைத் தாண்டுவதற்குள் எல்லா உயிரும் போயிற்று.

"ரொம்ப அநியாயம்கா" என்றான் தந்தி. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் வலப்பக்கம் உட்கார்ந்தான். "ஒண்ணு செய்யலாமா? நீங்க ஓட்டுங்க, நான் சுடறேன். யாராலயும் நம்மள அசைக்க முடியாது."

"வேண்டாம்."

"ஏன்கா?"

"நீ சுட்டா அதுக்கு இன்னும் கோவம் வரும். அப்புறம், உன் மூஞ்சி கண்ணாடியில தெரியுது. தள்ளி உக்காரு தம்பி."

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவள் அடுத்த டோக்கனைப் போட்டாள். அன்று மாலைக்குள் பாலம் வரைக்கும் போய்விட்டாள்.