தவளையின் திருகாணி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு டயர் கடையில் கிடைத்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண், முழங்கால் உயரத்தில் கையை வைத்துக் காட்டி, இந்த அளவு வண்டிக்கு டயர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை சைக்கிளா என்றார் கடைக்காரர். மினிபைக் என்றாள். எஞ்சின் உண்டா? உண்டு. யார் ஓட்டுவது? அவள் கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் காட்டினாள். அவர் சிரிப்பை மென்று முழுங்கிக்கொண்டு, சாமான் ஏற்றும் தள்ளுவண்டிக்குப் போடும் டயர் சரியாக வரும் என்று அனுப்பிவைத்தார். நான் பஞ்சர் ஒட்டுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு போதும், மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்தேன். உட்கார்ந்து நான்கு நாள் ஆகிறது.

2

"மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அந்தக் கொட்டகையின் கதவை—"

வேண்டாம். என் கதைகளில் மழை பெய்யாத நாளே கிடையாது என்று வீட்டில் ஏற்கெனவே கிண்டல்.

"இரும்பு துருப்பிடிக்கும். நினைவோ—"

இது அதைவிட மோசம். நினைவைப் பற்றி நான் எதையாவது சொல்லப் புறப்பட்டால் தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

"ஸ்பேனர் மினிபைக்கைப் பிரித்தாள்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

ஸ்பேனர் என்பது அவளுடைய அப்பா வைத்த பெயர். அவர் கேட் செய்யும் பட்டறையில் வெல்டர். கையை நீட்டினால் போதும், என்ன கேட்கிறார் என்று சொல்வதற்குமுன் சரியான ஸ்பேனரை எடுத்து வைத்துவிடுவாளாம். இப்போது அவள் லிஃப்ட் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். வாடிக்கையாளர்கள் "மேடம்" என்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள் "அக்கா" என்கிறார்கள். ஸ்பேனர் என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை. நான்தான் இந்தக் கதையில் கூப்பிடுகிறேன்.

(அவளுடைய வேலையை மாற்றிவிடலாமா என்று நிறைய யோசித்தேன். லிஃப்டில் ஒரு கருவி உண்டு. லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் அது கப்பென்று பிடித்து நிறுத்திவிடும். ஸ்பேனர் இருபது வருடமாக ஊர் முழுக்க அதைத்தான் சோதித்து வருகிறாள். ஏன் இது உறுத்துகிறது என்று அடுத்த பகுதியைப் படித்தால் உங்களுக்குத் தெரியும். அதற்காக அவளைத் தையல்காரியாக்கிப் பார்த்தேன், பல் கட்டுபவளாக்கிப் பார்த்தேன். ஸ்பேனரை வைத்துவிட்டு ஊசியை எடுக்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள். விட்டுவிட்டேன்.)

3

மினிபைக்கின் பெயர் தவளை. பச்சை நிறம், தவிர கிளம்பும்போது ஒரு குதி குதிக்கும். பழைய தண்ணீர் பம்பின் எஞ்சினை எடுத்து, மிச்சம் விழுந்த கேட் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, அப்பா தன் இரண்டு பிள்ளைகளுக்காகச் செய்தது. பிரேக் சுமாராகத்தான் பிடிக்கும். அதனால் ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு சின்னத் திருகாணி வைத்திருந்தார். அதை உள்ளே முடுக்கினால் பிடி கால்வாசிக்குமேல் திரும்பாது. பிள்ளைகள் எவ்வளவு முறுக்கினாலும் தவளை சைக்கிள் வேகத்தைத் தாண்டாது. அப்பா கண்ணும் கருத்துமாக வாரம் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்ப்பார்.

ஸ்பேனருக்குப் பன்னிரண்டு வயது. அவள் தம்பிக்கு எட்டு. ஒரு விடுமுறை நாள் காலையில் அப்பா தவளைக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. திருகாணியை முழுக்கத் தளர்த்தினாள். அப்போது தம்பி ஓடிவந்து, அம்மா கூப்பிடுகிறாள் என்றான். திருகாணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மாவைத் தேடிச் சமையலறையைத் தாண்டுவதற்குள் வெளியே சத்தம் கேட்டது.

வீட்டுப் பின்பக்கத்துச் சந்து ஒரு கிடங்குச் சுவரில் போய் முடியும். தம்பியும் அங்கேதான் போய் முடிந்திருந்தான். இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. சேர்ந்துவிட்டது, ஆனால் விரலளவு குட்டையாகச் சேர்ந்தது. இன்றைக்கும் அவனுடைய இடது செருப்பில் தடித்த அடி வைத்துத் தைக்க வேண்டும்.

அப்பா தவளையைத் தூக்கிப் பார்த்தார். திருகாணி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் எண்ணெய் விட்டவன் நான்தானே, சரியாக முடுக்காமல் விட்டுவிட்டேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து சாகும்வரை அப்படியே நம்பினார். ஸ்பேனர் மூச்சு விடவில்லை.

* முதலில் இங்கே "பயத்தில் மூச்சு விடவில்லை" என்று எழுதியிருந்தேன். பயம் ஒரு மாதம் இருந்திருக்கும். பிறகு சொல்லாமல் விட்டதைச் சொல்வதுதான் பயமாக இருந்திருக்கும். அது முப்பத்து நான்கு வருடம் இருந்தது.

4

தவளை மறுபடி ஏன் வெளியே வந்தது? தம்பிக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். பழைய போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அத்தை, இந்தப் பைக் இப்போது எங்கே என்று கேட்டாள். பழைய வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது என்று ஸ்பேனர் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். குழந்தை விடவில்லை.

ஸ்பேனர் தவளையைத் தன் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவந்து, கீழே, கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தாள். டேங்குக்குள் துரு. ஒரு கை நட்டுகளைப் போட்டு, வினிகர் ஊற்றி, மூடி, குழந்தைக்குப் பால் புட்டி குலுக்குவதுபோல் குலுக்கிக் குலுக்கிக் கழுவினாள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. சங்கிலியை டீசலில் ஊறப்போட்டாள். எலி கடித்த இருக்கைக்குப் புது ரெக்சின். இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு இற்றுப்போயிருந்தது. லிஃப்ட் வேலையில் மிஞ்சிய கயிற்றை மாட்டினாள். மாடி வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றார். அவர் வீட்டு மாடிக்கு லிஃப்ட் போக வேண்டுமா வேண்டாமா என்று ஸ்பேனர் திருப்பிக் கேட்டாள்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை ஆக்சிலேட்டர் பிடியைக் கழற்றினாள்.

திருகாணி வெளியே தொங்கவில்லை. கடைசிவரை உள்ளே முடுக்கி, அதன் தலையைச் சுற்றி வெல்டு வைத்திருந்தது. அப்பாவின் வெல்டு. அடுக்கி வைத்த காசுகள்போல ஒரே சீராக இருக்கும், எந்தக் கேட்டில் பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு தவளையை ஒருவரும் தொட்டதில்லை. இனி ஒருவரும் ஓட்டப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தும் ஏதோ ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கொட்டகைக்குள் போய், இனிமேல் எந்தக் காலத்திலும் கழலாதபடி அதைப் பற்றவைத்திருக்கிறார்.

ஸ்பேனர் கையிலிருந்த பிடியைக் கீழே வைத்தாள். ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துத் தம்பிக்குப் போன் செய்தாள்.

"அப்பா அந்த ஸ்க்ரூவுக்கு வெல்டு வெச்சிருக்காருடா."

பிறகு அவளே, டயர்தான் எங்கேயும் கிடைக்கமாட்டேன் என்கிறது என்று பேச்சை மாற்றினாள்.

5

டயர் கடை பொய்.

அதாவது கடை உண்மை, அவள் போனதும் உண்மை. நான் அங்கே இல்லை. போனில்தான் கேட்டேன். அந்தத் தம்பி நான்தான்.

முதல் பகுதியைக் கிழித்துவிட்டு ஒழுங்காக ஆரம்பித்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லித்தான் நான் இந்தக் கதைக்குள் வர முடிந்தது. வந்த வழி இருக்கட்டும், அதைப் பூசி மெழுகவேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள் என்பதும் நானாகச் சேர்த்தது. போனில் அவள் குரல் கம்மியிருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன் கதையை அக்காவின் கண்வழியாக ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். என் கண்வழியாகச் சொன்னால் ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொள்வேன். அந்த வாக்கியம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. நீங்கள் சும்மா தாண்டி வந்திருப்பீர்கள். அக்காவும் முப்பத்து நான்கு வருடமாகச் சும்மாதான் தாண்டி வருகிறாள்.

"அப்போது தம்பி ஓடிவந்து, அம்மா கூப்பிடுகிறாள் என்றான்."

அம்மா கூப்பிடவில்லை.

6

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திருகாணியைத் தளர்த்துவதைப் பார்த்தேன். முதல் சவாரி எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அவளை உள்ளே அனுப்ப அம்மா பெயரைச் சொன்னேன். வேகம் எவ்வளவு என்று தெரிந்தேதான் ஏறி உட்கார்ந்தேன்.

அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே என் பொய் உடைந்திருக்கும். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவும் இப்போது இல்லை.

அப்பாவிடம் நான் ஏன் சொல்லவில்லை என்பதை [இந்த இடத்தை மூன்று தடவை அடித்துவிட்டேன்] சொல்லிவிடுகிறேன். அக்காவைக் காப்பாற்றவில்லை. அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம். கட்டுப் பிரித்த பிறகு ஆறு மாதம் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். பட்டறைக்கு நேரமாகிவிட்டாலும் இறக்கிவிடமாட்டார். அதற்குமுன் அவர் என்னை அவ்வளவு நேரம் தொட்டதே இல்லை. அவருக்கு எப்போதும் ஸ்பேனர்தான் பிள்ளை. எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

எட்டு வயதில் அது ஒரு காரணம்தான். பதினெட்டில் எனக்கு என்ன காரணம் இருந்தது, முப்பதில் என்ன இருந்தது? அப்பாவைக் கடைசியாகப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்தபோது, அவர் தோள் எலும்பு என் கையில் பட்டது. அப்போதும் சொல்லவில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை தவளை ஓடியது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு குதி குதித்தது. பச்சை அதே பச்சை. அக்கா அப்பாவின் வெல்டை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் புதுத் திருகாணி போட்டிருந்தாள்.

மகள் ஏறி உட்கார்ந்து பிடியை முறுக்கினாள். தவளை நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். எறும்பு ஊர்ந்திருந்தால் அதுதான் ஜெயித்திருக்கும்.

"அத்தை, இதுக்கு நான் நடந்தே போயிடுவேனே."

"போதும். இந்த வேகம் போதும் கண்ணு."

ஒரே ஒரு சுற்றுத் தளர்த்தச் சொல்லி மகள் கெஞ்சினாள். அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், திருகாணியின் தலையில் வைத்தாள். கை திரும்பவில்லை. கயிறு அறுந்த லிஃப்டின் கீழே நின்று வேலை பார்ப்பவள் அவள். டீ போட்டுவருகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

நான் மகளோடு கூடவே நடந்தேன். கார் நிறுத்துமிடத்தை மூன்று முறை சுற்றினோம். எனக்கு மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அக்கா அந்தத் திருகாணியை எதை வைத்து அளந்து முடுக்கியிருக்கிறாள் என்று. தவளை என் நொண்டல் நடையின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவர் என் கையில்தான் இருந்தது. ஒரு சுற்று நானே தளர்த்தியிருக்கலாம். அது சரியில்லை என்று பட்டது. அவள் தளர்த்திய திருகாணியை ஒருமுறை நான் திருடியாகிவிட்டது.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்றில், தம்பி டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அக்கா சிரிக்கிறாள், அழுகிறாள், தலையில் குட்டுகிறாள். இது எனக்கு வசதியான முடிவு, ஆகவே நம்பவேண்டாம்.

இரண்டாவதில் அக்கா கேட்கிறாள்: "அப்பா இருக்கும்போதே ஏன்டா சொல்லல?" அதற்குப் பிறகு ஒரு வரிகூட எனக்கு எழுத வரவில்லை. இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதில் இரண்டு பேரும் எதுவும் சொல்லாமல் கிழவர்களாகிறார்கள். மகள் வளர்ந்து—

இல்லை. இதை நடக்கவிடக் கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் எழுதினேன்.

ஆகவே, இதுவரை கூட வந்த வாசகர்கள் மன்னிக்கவேண்டும். முடிவு உங்களிடம் இல்லை. என்னிடமும் இல்லை. இந்தக் கதைக்கு உண்மையில் ஒரே ஒரு வாசகிதான். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் இல்லை, அதனால்தான் கையால் சொல்கிறேன். நாளை ஞாயிறு. தவளையின் இருக்கைக்கு அடியில் அவள் ஒரு சின்னத் தகரப்பெட்டி பொருத்தியிருக்கிறாள். இந்தத் தாள்களை மடித்து, அந்த ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து அதற்குள் வைக்கப்போகிறேன். வண்டியை எடுப்பதற்குமுன் எப்படியும் திறந்து பார்ப்பாள். எதையும் சோதித்துப் பார்க்காமல் எடுக்கமாட்டாள்.

அக்கா, படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் கேள். இந்தத் தடவை நான் எந்தத் தூணுக்குப் பின்னாலும் ஒளிந்து நிற்கமாட்டேன், உன் எதிரிலேயே நிற்பேன். நீ பேசாமல் மேலே போய்விட்டாலும் சரிதான், அதற்கும் உனக்கு உரிமை உண்டு. ஆனால் போவதற்குமுன் அந்தத் திருகாணியை இடது பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போ. நான் கூட நடந்து வரமுடியாத வேகத்தில் என் மகள் ஒருமுறை போகட்டும்.