மீனுக்காகக் கொசு வளர்த்தவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஏமன் நாட்டு ஏடன் நகரில் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார ஊழியர்கள், வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியில் மீன் விட்டார்கள். கொசுப்புழுவை மீன் தின்றுவிட்டால் டெங்கு பரவாது. ‘கொசுவை ஒழித்த தெரு’ என்று உருப்படியாக ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அவத் கெடுத்தார்.

2

அவத், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருடம் மனைவி நூரியாவை டெங்குவில் பறிகொடுக்க இருந்தவர். மறுபடி வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்ததால் [இங்கே அவர் அழுததாக எழுதி அடித்துவிட்டேன், ஆள் அப்படியில்லை] ஊழியர்கள் விட்ட மீனுக்கு சுல்தான் என்று பெயர் வைத்துத் தொட்டியடியிலேயே கிடந்தார்.

சுல்தான் புழுவையெல்லாம் தின்று தீர்த்தது. பிறகு இளைத்தது.

3

அவத் மொட்டைமாடியில் பழைய டயரில் தண்ணீர் ஊற்றிக் கொசுப்புழு வளர்த்தார்.

(ரொட்டி போடலாமே என்கிறீர்களா? நானும் சொன்னேன். “குடிக்கிற தண்ணியில ரொட்டியா? நோய் வராது?” என்று என்னையே மடக்கினார்.)

நூரியா கண்டுபிடித்துவிட்டாள்.

“யோவ், என்ன இது?”

“சுல்தானுக்குச் சாப்பாடு.”

“பாதி றெக்கை முளைச்சுப் பறக்குதே!”

“மீதியத்தான் அவன் திங்கிறானே.”

“நான் போயிட்டா மீன்கூடக் குடித்தனம் பண்ணுவியா?”

“நீ போகக் கூடாதுன்னுதானே அவனை வளக்குறேன்! அவன் செத்தா உன்னை யாரு காப்பாத்துவா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, பயமாக இருந்தது.

4

கதைக்கு ஒரு முடிவு: நூரியா டயரைக் கவிழ்க்கிறாள், தொட்டிக்கு மூடி போடுகிறாள், சுல்தான் பட்டினியில் சாகிறது. ஊழியர்கள் கைதட்டுவார்கள். அவத் என் முகத்தில் விழிக்கமாட்டார்.

இன்னொன்று: ஒருநாள் காலையில் நூரியாவுக்கு உடம்பு சுட—

வேண்டாம். அந்த வரியை நான் எழுதமாட்டேன்.

5

இப்போது மாடியில் நூரியா துணி உலர்த்துகிறாள். அவத் கரண்டியோடு டயர்மேல் குனிந்திருக்கிறார். அதிலிருந்து கிளம்பிய, டெங்கு பரப்பும் வரிக்கொசு ஒன்று அவள் புறங்கையில் உட்காருகிறது. அவர் பார்த்துவிட்டார்.

“அசையாதடி!”

கரண்டியை எறிந்துவிட்டு ஓடி வருகிறார். முட்டிவலிக்காரர். நேரத்துக்கு வந்து சேரமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கேயே நிறுத்திவிட்டேன். அடுத்த வரியில் அது கடித்துவிடும்.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? புத்தகத்தைப் பட்டென்று மூடுங்கள்.

ஆனால் பார்த்து. அவள் கையும் உள்ளேதான் இருக்கிறது.