எஃகு ராணியின் வயிறு

நான் படம் போடும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது நியாயம்தான் என்று உங்களுக்குப் புரியும். ஆண் என்றால் தோளிலிருந்து தொடங்குவேன். பெண் என்றால் இடுப்பிலிருந்து. உடுக்கை மாதிரி இரண்டு வளைவு போட்டால் போதும், மற்றதெல்லாம் அதற்கு மேலும் கீழும் வந்து ஒட்டிக்கொள்ளும். புடவைக்கடை விளம்பரம், வாரப்பத்திரிகைக் கதை, நோட்டு அட்டை என்று பன்னிரண்டு வருடப் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. கை தானாகப் போகும். மூளைக்கு அங்கே வேலையே கிடையாது.

ராயபுரத்தில் நோட்டுப்புத்தக மொத்த வியாபாரம் செய்யும் ஜெபசிங் அண்ணாச்சிக்குத் திடீரென்று சித்திரக்கதை போடும் ஆசை வந்தது. ‘எஃகு ராணி’ என்று பெயரும் அவரே வைத்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த கண்டெய்னரை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள். கதையும் படமும் என் பொறுப்பு. அட்டையில் எழில்மொழி என்று என் பெயர் வரப்போகிற முதல் புத்தகம். வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக் முழுக்கச் சொல்லியாயிற்று.

பலசாலியை வரையப் பலசாலி ஒருத்தி வேண்டுமே. புளியந்தோப்பில் பளு தூக்கும் ராஜாத்தியைத் தேடிப் போனேன். இருபத்துமூன்று வயது, மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கியவள்.

“என் மூஞ்சியவே போட்டுக்கோக்கா. ஆனா நான் எப்டி கீறேனோ அப்டியே போடணும்” என்றாள்.

“சத்தியமா” என்றேன்.

இரண்டு ஞாயிறு ஜிம்மில் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறைய அவளைக் கிறுக்கினேன். பிறகு வீட்டில் டேப்லெட்டில் முப்பத்திரண்டு பக்கத்தையும் முடித்து, பிரிண்ட் எடுத்து, பெருமையாக அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

ராஜாத்தி நிதானமாகப் புரட்டினாள். மூக்கு, புருவத்தில் இருந்த தழும்பு, தோள், தொடை எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“எல்லாம் நான்தான்க்கா. இந்த வவுறு மட்டும் யாருது?”

பார்த்தேன். உடுக்கை. முப்பத்திரண்டு பக்கத்திலும் அதே உடுக்கை. நோட்டில் ஒழுங்காகத்தான் கிறுக்கியிருந்தேன். கோடு இழுத்து முடிக்கும்போது கை பழக்கதோஷத்தில் மெலிய வைத்துவிட்டது. யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. அண்ணாச்சி இன்னும் ஒரு பக்கம்கூடப் பார்க்கவில்லை. பழி போட ஆள் தேடினேன், கிடைக்கவில்லை.

“வவுத்தக் கொறைன்னு வூட்ல எங்கம்மா சொல்லுது. ரோட்ல போறவன் வர்றவன் சொல்றான். இப்போ நீயும் சொல்ற.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. “இப்டியே போடணும்னா போட்டுக்கோ. என் மூஞ்சிய எடுத்துடு.”

முகத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. வயிற்றை மாற்றுவதென்றால் எல்லாப் பக்கத்தையும் புதிதாகப் போட வேண்டும். அச்சுக்கு இருந்ததோ பத்தே நாள். வீட்டுக்கு வந்து, வேறொரு முகத்தை ஒட்டித்தான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் அந்தப் புத்தகத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ள வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஜிம் வாசலில் போய் நின்றேன். “எங்கேர்ந்து தூக்குறேன்னு காட்டு” என்றேன்.

ராஜாத்தி முறைத்தாள். அப்புறம் காட்டினாள். குதிகால் இரண்டும் தரையில் அழுந்தின. தொடை இறுகியது. மூச்சை இழுத்து வயிற்றுக்குள் இறக்கி நிறுத்தினாள். இடுப்புப் பட்டைக்கு மேலும் கீழும் வயிறு புடைத்துக்கொண்டு வந்தது, அப்புறம்தான் பளு தரையை விட்டுக் கிளம்பியது. கீழே போட்டபின், வெறுங்கையோடு அதே மாதிரி மூச்சைப் பிடித்து நின்று, என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். சிமென்ட் மூட்டை மாதிரி இருந்தது.

“இது லூசாச்சுன்னா முதுகு பூடும்” என்றாள் மூச்சை விட்டு. “கை சும்மா புடிச்சிக்கினு கீது, அவ்ளோதான்.”

இந்த வயிறே இல்லாத ஒருத்தியைத்தான் முப்பத்திரண்டு பக்கம் கண்டெய்னர் தூக்க வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடமாக என்னத்தைப் பார்த்துக் கிழித்தேனோ.

இந்த முறை குதிகாலிலிருந்து தொடங்கினேன். கை லேசில் கேட்கவில்லை. இடுப்புக்கு வந்தாலே உள்ளே வளையப் பார்க்கும், அழித்து அழித்துப் போட்டேன். வயிறு சரியாக வந்ததும் மற்றதும் மாறத் தொடங்கியது. உயர்ந்த ஹீல்ஸ் பூட்ஸ் போயிற்று. காற்றில் பறந்த கூந்தல் கொண்டையாயிற்று. கண்டெய்னர் முதல்முறையாகக் கனமாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் முடித்தேன்.

அண்ணாச்சி கடையில் அட்டைப்படத்தைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது, ராணின்னு சொன்னா நீ ரைஸ்மில் ஓனரம்மாவயில்லா போட்டிருக்க. இடுப்பக் கொஞ்சம் பிடிச்சு விடு. அட்டையில மட்டுமாவது.”

“முடியாது, அண்ணாச்சி.”

“அப்ப வேற ஆளப் பாக்கட்டுமா?”

“பாருங்க. என் பேரை எடுத்துடுங்க.” வாய் சொல்லிவிட்டது. பிளாக்கில் போய் என்ன சொல்வது?

அவருக்கும் கோபம். மேஜையில் கிடந்த பேப்பர் கட்டு எங்கள் சண்டைக்கு இடைஞ்சலாக இருந்ததோ என்னவோ, ஆளைக் கூப்பிடாமல் தானே இறக்கிவைக்கத் தூக்கினார். முழங்காலை மடக்கி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தார். சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல வயிறு முன்னால் வந்தது.

“அண்ணாச்சி, அப்படியே நில்லுங்க.”

பேச முடியாமல் விழித்தார்.

“மூச்சை எங்க வச்சிருக்கீங்க?”

கட்டை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார், குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார்.

“தூத்துக்குடியில உப்பு மூடை தூக்குனவன்மா நான்” என்றார் கடைசியில். “அங்க பொம்பளையளும் தூக்குவாவ. இப்படித்தான் நிப்பாவ.” உடனே வியாபாரி ஆகிவிட்டார். “ரெண்டாயிரம் அடிக்கலாம்னு இருந்தேன். ஐநூறுதான் அடிப்பேன். வித்துப் போச்சுன்னா மேல பாப்போம்.”

ஐநூறு போதும் என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலையே பக்கங்களை எடுத்துக்கொண்டு ராஜாத்தியிடம் போனேன். பயிற்சி முடித்து வியர்வையோடு நின்றவள், துண்டால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

“குந்திக்கினா வர்ற மடிப்பக்கூட வுடலியா நீ?”

“விட்டா மூஞ்சியை எடுக்கச் சொல்லுவியே.”

சிரித்தாள். அப்புறம் பக்கங்களை என்னிடம் திருப்பித் தராமலே, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“உள்ள எங்கனா என் பேரு போட எடம் கீதாக்கா?”

“முதல் பக்கத்துலயே போடுறேன். மாடல், ராஜாத்தின்னு.”

“அப்டி வாணாம்” என்றாள். “இது புளியந்தோப்பு ராஜாத்தியோட வவுறுன்னு போடு. எங்கம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கும்.”