படகில் வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை பார்க்கக் கப்பலுக்குப் போன முதல் யாழ்ப்பாணத்துப் பெண் நானாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. யோசனை என்னுடையதும் இல்லை, என் மச்சாள் பாலாம்பிகையுடையது. பழி மட்டும் எப்படியோ என் தலையில் விழுந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதம். மொன்றியல் நகரத்தில், வில்லரேப் பகுதியில் ஒரு கீழ்வீட்டில் இருந்தோம். அண்ணை உருத்திரமூர்த்தி, அவருடைய மனைவியான இந்த மச்சாள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். எனக்கு முப்பத்திரண்டு வயது. பகலில் சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைப்பேன், இரவில் ஹோலில் சோபாவில் படுப்பேன். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து போயிருந்தது. ஒன்று படத்தைப் பார்த்ததோடு சரி. மற்றது வீட்டுக்கு வந்து, மச்சாள் சுட்ட கட்லட்டை ஒரு கை பார்த்துவிட்டு, "பேந்து சொல்லுறம்" என்று எழும்பிப் போனது. அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

இரண்டு தரமும் "உனக்குப் பிடிச்சுதோ" என்று என்னை ஒரு சீவனும் கேட்கவில்லை. இந்த முறை நானே பார்ப்பது, நானே சொல்வது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். ஓம் என்றாலும் என் வாயால், இல்லை என்றாலும் என் வாயால். அண்ணைக்கு இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

மாப்பிள்ளையின் பெயர் ஞானசுந்தரம், ஊர் திருகோணமலை. ஆனால் மொன்றியலில் யாரும் அவரைப் பெயரால் குறிப்பதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரைப் பற்றிச் சொல்ல ஊரும் தொழிலும் போதாது, எப்படி வந்தவர் என்பதும் வேண்டும். பிளேனில் நேரே வந்து இறங்கியவர், அமெரிக்காப் பக்கத்தால் எல்லை கடந்தவர், ஏஜென்சிக்காரனிடம் ஏமாந்து நாடு நாடாய் அலைந்து வந்தவர், இப்படி. ஞானசுந்தரம், அதற்கு முந்திய வருடம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டு, மீன்பிடிகாரர் கண்டெடுத்த ஆட்களில் ஒருவர். ஆகவே அவர் 'படகிலை வந்தவர்'. சம்பந்தம் கொண்டுவந்த அருளம்பலம் அண்ணையும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"படகிலை வந்த பெடியன் ஒருத்தன் இருக்கிறான். தங்கமான குணம்."

பெடியனுக்கு முப்பத்தாறு வயது.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. ஊரில் என்றால் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு பகுதியும் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரிக் கலைந்து போகலாம். இங்கே அப்படி ஒரு கோயிலுக்கு எங்கே போவது? பார்க் எக்ஸ்டென்ஷனில் அவருடைய அறையில் ஏழு ஆண்பிள்ளைகள். எங்கள் வீட்டில் வைக்க மச்சாள் விடவில்லை. போனமுறை வந்தவர்களால் வீட்டுக்கே ராசி கெட்டுவிட்டதாம்.

"பழைய துறைமுகத்திலை பின்னேரம் ஒரு கப்பல் ஓடுது. ஆத்தாலை கொண்டுபோய் ஊரைச் சுத்திக் காட்டுறாங்கள். பொது இடம், நல்ல காத்தும் வரும். அதிலை வைச்சுப் பாப்பம்" என்றாள்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மச்சாளுக்கு அந்தக் கப்பலில் கண். அது எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். ஆனால் அண்ணைக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

"சரிதான். படகிலை வந்தவருக்குப் படகு பழக்கந்தானே" என்றார்.

பகிடிக்குச் சொல்லவில்லை, நெஞ்சார யோசித்துத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அருளம்பலம் அண்ணையும் "ஓமோம், பழக்கந்தானே" என்று தலையாட்டினார்.

குறித்த சனிக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். அருளம்பலம் அண்ணையும் மாப்பிள்ளையும் முன்னரே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை மெலிந்த, உயரமான மனிதர். யாருடையதோ கோட்டுப் போட்டிருந்தார், கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. அண்ணைக்கு வணக்கம் சொன்னார், மச்சாளுக்குச் சொன்னார், எனக்கும் சொன்னார். குரல் நல்ல குரல். கப்பலை மட்டும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏறும் பலகையில் கால் வைக்க முன் ஒருகணம் நின்றார். கூச்சமாக்கும் என்று நினைத்தேன்.

மேல்தட்டில் நீள மரவாங்கில்களில் போய் இருந்தோம். கப்பல் ஒரு தரம் ஊதிவிட்டுக் கரையை விட்டது. அந்த ஊதல் கேட்டதுதான் தாமதம், ஞானசுந்தரம் எழும்பினார். ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் பின்பக்கம் நடந்துபோய், மிதவைச் சட்டைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதன் கொளுக்கியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அசையவில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"காத்து வாங்கப் போறார் போலை" என்றார் அருளம்பலம் அண்ணை. அவருடைய முகமும் நல்லாயில்லை.

கப்பலில் வேலைசெய்யும் ஒரு பெடியன் போய் அவரிடம் தள்ளி நிற்கும்படி பணிவாகச் சொன்னான். அவர் தலையாட்டினார், நகரவில்லை. பெடியன் திரும்பவும் சொன்னான். சனம் திரும்பிப் பார்த்தது. அண்ணையின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது.

"விசரனைக் கொண்டுவந்து என்ரை தங்கச்சிக்குக் கட்டிவைக்கப் பாத்தனியோ, அருளம்பலம்? எழும்பு ராணி, போவம்!"

எழும்பியும் விட்டார். எழும்பிய பிறகுதான் சுற்றிவரத் தண்ணீர் என்பது அவருக்கு நினைவு வந்தது. வீட்டில் என்றால் வாசலைப் பார்த்து நடக்கலாம். இங்கே இந்தக் கப்பல் பாலத்தைக் கடந்து, தீவைச் சுற்றி, ஆறுதலாகத் திரும்பி வரும் மட்டும் எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அண்ணை திரும்ப வாங்கிலில் இருந்தார். அருளம்பலம் அண்ணை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் முன்னைய இரண்டையும் போல இல்லை இது. அந்த மனிதருடைய கையைப் பார்த்தேன். கொளுக்கியைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறிப் போயிருந்தன.

மச்சாள் இதற்குள் பிளாஸ்கைத் திறந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தால் பெண் கையால் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். ஆறென்ன, அத்திலாந்திக் என்ன, மச்சாளுக்கு அது அது முறைப்படி நடக்க வேண்டும். தட்டில் தேத்தண்ணியும் கட்லட்டும் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"கொண்டுபோய்க் குடு. முறையை விடக்கூடாது."

"அவனுக்கு என்னத்துக்கடி தேத்தண்ணி?" என்று அண்ணை பல்லைக் கடித்தார்.

நான் தட்டை வாங்கிக்கொண்டு போனேன். அண்ணை சொல்வதைக் கேட்கிற நாள் இதுவல்ல.

கிட்டப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. தட்டைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நேரே கேட்டேன்.

"தண்ணி பயமோ?"

"தண்ணி பயமில்லை. நான் கடற்கரையிலை பிறந்தவன்." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "உங்கடை ஆக்களுக்கு மரியாதைக் குறைவாப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அது கிடக்கட்டும். இப்பிடி வருமெண்டு தெரிஞ்சும் ஏன் ஏறினனீங்கள்? ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கப்பல் பாக்க ஆசைப்பட்டுக் கேட்டதெண்டு சொன்னவை. அதுதான்."

எனக்குக் கால் முதல் தலை மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். மச்சாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, நகரத்தை ரசித்துக்கொண்டு நின்றாள். என்னுடைய ஆசையை ஒருநாளும் கேட்டறியாதவர்கள், என்னுடைய ஆசை என்று சொல்லி ஒருவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவைத்திருக்கிறார்கள். அதைவிட, முகம் தெரியாத ஒருத்தியின் ஆசைக்காக இப்படி ஒருவர் ஏறுவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. உண்மை வாய்வரை வந்தது. இந்த நேரம் வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

அப்போது கப்பல் பாலத்தடிக்கு வந்தது. அங்கே நீரோட்டம் பலம். ஒருதரம் நன்றாக உலுப்பியது. தேத்தண்ணி தட்டில் ஊற்றுப்பட்டது. ஞானசுந்தரம் அப்படியே குந்திவிட்டார்.

"கரை தெரியுது. இரண்டு பக்கமும் நல்லாத் தெரியுது. பயப்பிடாதேங்கோ" என்றேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, தங்கச்சி. அப்பிடித்தான் நானும் சொன்னனான்."

"ஆருக்கு?"

"படகிலை ரண்டு மூண்டு பிள்ளையள் இருந்ததுகள். ஒரே பனிப்புகார், நீட்டின கை தெரியாது. கரை தெரியுதோ மாமா, கரை தெரியுதோ மாமா எண்டு கேட்டுக்கொண்டே இருக்குங்கள். நான்தான் தெரியுது தெரியுது எண்டு சொன்னன். பொய். மூண்டு நாளும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தன். இப்ப கண்ணாலை கண்டாலும் உடம்பு நம்புதில்லை. நானே சொன்ன பொய் மாதிரிக் கிடக்கு."

தங்கச்சி என்று அவர் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நிலையில் ஒருவர் முறை பார்த்துக் கதைக்க முடியுமா?

அவருக்குப் பக்கத்தில் நானும் குந்தினேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் இடங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு எந்தப் பாஷையும் ஏறவில்லை. எனக்குத் தையல் மேசையில் பக்கத்துப் பெண்களோடு சண்டை பிடித்தே பிரெஞ்சு வந்திருந்தது. அவள் சொல்வதை அப்படியே தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"இந்தப் பக்கம் தீவு. இருவது வருசத்துக்கு முந்தி உலகக் கண்காட்சி நடந்ததாம். அந்த வட்டக் கம்பிக்கூடு அமெரிக்கா கட்டினது. பேந்து எரிஞ்சு தோல் போயிட்டுதாம், எலும்பு மட்டும் நிக்குது."

ஒலிபெருக்கிக்காரி ஓய்ந்தாள். நான் ஓயவில்லை. கோபுரமும் மாளிகையும் இருந்தால்தான் கரையா? கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன்.

"ஒருத்தன் நாயோடை நிக்கிறான். நாய் அவனை இழுக்குது. ஒரு கிழவி மடக்குக் கதிரை போட்டு இருந்து என்னவோ தின்னுறா. அந்தா, ஒரு சைக்கிள் ரயருக்குக் காத்துப் போயிட்டுது, பெடிச்சி தள்ளிக்கொண்டு போறாள், தாய் ஏசிக்கொண்டு பின்னாலை போறா."

"ஏன் ஏசுறா?" என்றார். கண் இன்னும் நிலத்தில்தான்.

"அது எனக்கென்ன தெரியும்? இங்கை கேக்கேல்லை. புதுச் சைக்கிளாக்கும்."

மெல்ல நிமிர்ந்து பார்த்தார். பொய்யில் சைக்கிளுக்குக் காற்றுப் போகாது. அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். கொளுக்கியில் இருந்து கையை எடுத்தார். ஆறிப்போன தேத்தண்ணியில் மிச்சம் கிடந்ததைக் குடித்தார்.

கப்பல் திரும்பியது. சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டுக் கோபுரம் வந்தது, அதற்கு அப்பால் மாலுமிகளின் மாதா கோயில். கூரையில் மாதா ஆற்றைப் பார்த்துக் கை விரித்துக்கொண்டு நின்றார்.

"கடலிலை தப்பி வந்த ஆக்கள் நேர்த்திக்குச் சின்னக் கப்பல் செய்து இந்தக் கோயிலுக்குள்ளை தூக்கி விடுவினமாம்" என்றேன்.

அவர் அந்தக் கோயிலை நெடுநேரம் பார்த்தார்.

"படகிலை எல்லாரும் நேர்த்தி வைச்சவை. நான் மட்டும் வைக்கேல்லை. பிள்ளையளுக்குச் சொன்ன பொய்யோடை எந்த முகத்தோடை சாமியிட்டைக் கேக்கிறது?"

"அந்தப் பிள்ளையள் இப்ப எங்கை?"

"ரொறன்ரோவிலை. பள்ளிக்கூடம் போகுதுகள்."

"அப்ப என்ன பொய்? கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டீங்கள், அவ்வளவுதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று முதன்முதலாக அப்போதுதான் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்த்துவிட்டார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நானும் தலையைக் குனியவில்லை.

கரையில் இறங்கியதும் அண்ணை என்னைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அருளம்பலம் அண்ணையிடம் மரியாதையான குரலில் சொன்னார்.

"சரி அருளம்பலம், நாங்கள் பேந்து சொல்லுறம்."

எங்களுக்கு வந்த அதே பேந்து. ஞானசுந்தரத்துக்கு அது விளங்கியது. "ஓம், பிரச்சினையில்லை" என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார்.

"பேந்து என்னத்துக்கு?" என்றேன்.

எல்லோரும் நின்றார்கள்.

"இஞ்சை பாருங்கோ" என்று நேரே அவரிடம் சொன்னேன். "எனக்குக் கப்பல் ஆசை ஒண்டும் இல்லை. அது மச்சாளின்ரை ஆசை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா, எனக்கு நடக்கத்தான் விருப்பம் எண்டு சொல்லியிருப்பன். வில்லரே வரைக்கும் நடப்பீங்களோ?"

மச்சாள் வானத்தைப் பார்த்தாள். அவர் தன் காலடியில் இருந்த கல்லுத் தரையைப் பார்த்தார்.

"நிலத்தாலை எண்டா எவ்வளவு தூரமும் நடப்பன்" என்றார்.

"ராணி!" அண்ணைக்குக் குரல் உடைந்தது. "எங்கடை ஆக்கள் கண்டா என்ன கதைப்பினம்? கலியாணம் பேசி முடியேல்லை, ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய..."

"தனிய இல்லை, அண்ணை. இவரோடை."

அவர்கள் மூவரும் மெத்ரோ ரயில் வாசலைப் பார்த்துப் போனார்கள். அண்ணை மூன்று தரம் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் சென்-டெனி தெருவால் மேல்நோக்கி ஏறினோம். இடையில் ஒரு முழம் விட்டுத்தான் நடந்தோம். கப்பலில் பிடித்த பழக்கம் வாயை விடவில்லை.

"அந்தா ஒரு டெப்பனர் கடை திறந்து கிடக்கு. வாசல்லை ஒருத்தன் வாளியிலை பூ வைச்சு விக்கிறான். அதுக்கங்காலை..."

"தெரியுது" என்றார் அவர். "எனக்கே தெரியுது."